முள்தான் நகர்ந்தது

ஓய்வு பெற்றவர்களுக்காக அலுவலகத்தில் ஒரு மலர் போடுகிறார்களாம். நானும் எழுத வேண்டுமாம். வந்து கேட்ட இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னைப் பற்றி அவர்களே எழுதிக்கொண்டு வந்திருந்த அறிமுகக் குறிப்பைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "காந்த முள்ளைப் போல் ஒரே திசையில் நிலைத்து நின்றவர்" என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தைந்து வருடம் அந்த முள்ளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அது எங்கே நிலைத்து நின்றது? அதை நம்பி நானே தப்பான இடத்தில் கல் நட்டிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டு, நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். பிரஞ்சுக்காரர் காலத்து எல்லைக் கற்களை எல்லாம் மறுபடி சோதிக்காமல் அப்படியே புதுப் படத்தில் ஏற்றப்போகிறார்களாம். இந்தக் கட்டுரைக்கு நான் இவ்வளவு அவசரப்படுவது அதனால்தான். மலருக்காக இல்லை.

நான் பிறந்தது வில்லியனூர். என் அப்பா தனகோடி என்கிற பண்ணைக்காரரின் நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு உழுதவர். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பிரஞ்சு படித்தேன். அந்தப் பிரஞ்சை வைத்துக்கொண்டு நில அளவை அலுவலகத்தில் சங்கிலி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தேன். பிறகு படம் வரைந்தேன், பிறகு அளந்தேன். படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டது மொரேல் துரையிடம்.

மொரேல் துரை எங்கள் தலைமை அளவையாளர். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசி நான் கேட்டதில்லை. நாம் ஒரு அளவை எடுத்துச் சொன்னால், சரியா தப்பா என்று சொல்லமாட்டார். "ஆங்கோர்" என்பார். மறுபடியும் எடு என்று பிரஞ்சில் அர்த்தம். மறுபடி எடுத்தால் மறுபடியும் ஆங்கோர். மூன்றாம் முறையும் அதே எண் வந்தால்தான் பென்சிலை எடுப்பார். எழுதிய எண்ணை அழிக்கமாட்டார், படித்த எண்ணை எழுதாமலும் விடமாட்டார். அந்த மனிதரிடம் எனக்குக் கோபமும் உண்டு, மரியாதையும் உண்டு. இரண்டையும் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவருக்கு இரும்பு என்றால் ஆகாது. காம்பஸ் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பாக்கெட் கடிகாரத்தைக் கழற்றிச் சேவகனிடம் கொடுத்துத் தூர அனுப்புவார். இடுப்பில் பெல்ட் கட்டமாட்டார், துணிப்பட்டைதான். பென்சிலின் முனையில் தகரக் குப்பி இருந்தால் அதையும் கடித்துப் பிடுங்கிப் போட்டுவிடுவார். அளக்கிற சங்கிலியே இரும்பு என்பதால் அது இருபது தப்படி தள்ளித்தான் கிடக்க வேண்டும். வில்லியனூர் ஸ்டேஷன் பக்கம் வேலை என்றால் தண்டவாளத்தைக் கண்டே முகம் சுளிப்பார். முள்ளை ஆடவிட்டு, தானாக அடங்கும்வரை காத்திருப்பார், விரல் வைத்து நிறுத்தக்கூடாது. அதன் இரண்டு முனைகளையும் படிப்பார். படித்து முடித்ததும், கூர் தேயாமல் இருக்க முள்ளைத் தூக்கிப் பூட்டிவிட்டுத்தான் பெட்டியை நகர்த்துவார்.

பாரிசிலிருந்து புதுக் காம்பஸ் வந்தால் அதன் முள் இங்கே ஒரு பக்கமாகச் சாய்ந்து தட்டில் உரசும். அதற்கும் அவர்தான் காரணம் சொன்னார். பூமியே ஒரு காந்தம்தான். பாரிசில் அது முள்ளின் வடமுனையைத் தரைக்குள் இழுக்கப் பார்க்கும். அதைச் சமாளிக்கத் தென்பாதியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றைச் சுற்றி அனுப்புகிறார்கள். நம்மூரில் அந்த இழுப்பு ரொம்பக் குறைவு, ஆகவே தென்பாதி பாரத்தில் குனிந்துவிடுகிறது. இடுக்கியால் அந்தச் சுருளை நடுவுக்கு நகர்த்தி, முள் மட்டமாக நிற்கும்வரை விடமாட்டார். ஒரு முழுக் காலைப் பொழுது அதிலேயே போகும்.

ஒருநாள் அலுவலக முற்றத்தில் மூங்கில் கழி ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நட்டார். கழியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஒரு முளை, பிற்பகலில் மறுபடி தொட்ட இடத்தில் இன்னொரு முளை. இரண்டையும் கயிற்றால் இணைத்தால் கிழக்கு மேற்கு. அதற்குக் குறுக்கே இழுத்தது வடக்கு. எங்கள் ஊர் ஸ்தபதிகளும் கோவிலுக்குத் திசை பார்ப்பது இப்படித்தான் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு, அந்த வடக்குக் கோட்டின்மேல் காம்பஸை வைக்கச் சொன்னார். முள் கோட்டில் நிற்கவில்லை. இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் கூடவே மேற்கே விலகி நின்றது. முள் பொய் சொல்கிறதா என்று கேட்டேன். இல்லை, அது வேறு வடக்கைச் சொல்கிறது என்றார். பூமி சுற்றுகிற அச்சின் வடக்கு ஒன்று, பூமியின் காந்தம் காட்டுகிற வடக்கு ஒன்று. அச்சின் வடக்கு இருந்த இடத்தில் இருக்கும். காந்தத்தின் வடக்கு வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார். நானும் நன்றாகத் தலையாட்டினேன். தலையில் ஏறியது, கைக்கு இறங்கவில்லை. எனக்கு மட்டுமல்ல, அவருக்கும்.

ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நிலத்தின் எல்லையில் இரண்டு கல் இருந்து, ஒன்று காணாமல் போனால், என் பாட்டன் காலத்தில் எழுதிய கள ஏட்டை எடுப்போம். மிச்சமிருக்கிற கல்லின்மேல் காம்பஸை வைப்போம். ஏட்டில் எத்தனை டிகிரி என்று இருக்கிறதோ அந்தத் திசையில் பார்வை வைத்து, எழுதியிருக்கிற நீளத்துக்குச் சங்கிலி இழுத்து, அங்கே புதுக் கல் நடுவோம். ஏடு சொன்னால் சொன்னதுதான். இடுப்பில் ஊசி இருக்கிறதா என்று தேடின நாங்கள், அந்த ஏட்டை எழுதியபோது முள் எங்கே நின்றது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்படி என் கையால் மட்டும் மூன்று கல் நட்டேன்.

ஒரு வருடம் அடைமழையில் ஆறு கரை புரண்டது. வில்லியனூருக்கு மேற்கே ஆற்றோரம் இருந்த ஒரு எல்லையின் வடக்குக் கல்லை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. எல்லைக்குக் கிழக்கே இருந்தது தனகோடியின் கரும்பு. அதே தனகோடிதான், என் அப்பா உழுத நிலத்துக்காரர். மேற்கே ஒரு துண்டு நிலம் பச்சையம்மாளுடையது. புருஷன் செத்துப்போனவள், இரண்டு பெண் பிள்ளைகள். கத்தரியும் கீரையும் போட்டு, கூடையில் சுமந்து வில்லியனூர்ச் சந்தையில் விற்பாள். நிலத்தின் வடகோடியில் அவள் புருஷன் தன் கையால் வெட்டிய கிணறு. அந்தக் கிணறு இல்லையென்றால் அந்த மண்ணுக்கு மதிப்பே கிடையாது. கல்லை அளந்து நடச் சொல்லி மனு கொடுத்தவர் தனகோடி. செல்வாக்குள்ளவர் என்பதால் மொரேல் துரையே நேரில் வந்தார்.

தெற்குக் கல் அசையாமல் இருந்தது. அதன்மேல் காம்பஸை வைத்தோம். ஏட்டில் வடக்கிலிருந்து கிழக்காக எட்டு டிகிரி. எட்டு வைத்து, இருபது சங்கிலி இழுத்து, சங்கிலிக்காரர் காத்தவராயன் முளை அடித்தார். முளை கிணற்றுக்கு மேற்கே நாலு தப்படியில் இறங்கியது. அதாவது கிணறு இப்போது தனகோடி பக்கம்.

கல் நடுகிறபோது அதற்கு அடியில் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்டுப் புதைப்பது அந்தக் கால வழக்கம். கல்லை யாராவது பிடுங்கினாலும் கரி மக்காமல் கிடக்கும். முளை அடித்த இடத்தில் தோண்டிப் பார்த்தோம். இடுப்பளவு போயும் வண்டல்தான் வந்தது. வெள்ளம் கரியையும் கொண்டுபோயிருக்கும் என்றார் துரை.

பச்சையம்மாள் அழவில்லை, கூச்சல் போடவில்லை. கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"கல்லு அங்க இல்ல சாமி. அந்தாண்ட கெடந்துது. எங்க வூட்டுக்காரு அது மேல ஒக்காந்துதான் கூழு குடிப்பாரு. நீங்க இன்னா வேணா அளந்துக்கோங்க, நான் எழுந்திருக்கமாட்டேன்."

அவள் காட்டிய இடம் முளைக்குக் கிழக்கே பன்னிரண்டு பதிமூன்று தப்படி. அங்கே தோண்டலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கூடாது. தகராறில் இருக்கிறவர்கள் கைகாட்டுகிற இடத்தில் தோண்டக்கூடாது, ஏடு சொல்கிற இடத்தில்தான் தோண்டலாம் என்பது விதி. தனகோடி என் தோளில் கை போட்டார்.

"இன்னாபா அருளப்பா, பொஸ்தகத்துல இருக்கறத அளந்தாச்சில்ல. அப்பறம் இன்னா வேடிக்க? கல்ல நட்டுட்டு வா. உங்கப்பன் உன்னப் பத்தி நேத்திகூட என்னாண்ட பெருமையாச் சொன்னான்."

அப்பாவை ஏன் இழுத்தார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பயந்துதான் போனேன், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஏட்டை மூடப்போனேன். அப்போதுதான் அதே பக்கத்தில், எட்டு டிகிரிக்குக் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது. அதே தெற்குக் கல்லிலிருந்து வில்லியனூர்க் கோபுரக் கலசம், தொண்ணூற்றேழு டிகிரி. சரிபார்ப்பதற்காக அந்தக் காலத்தார் தூரத்தில் அசையாமல் நிற்கிற ஏதாவது ஒன்றுக்கும் பார்வை எடுத்து எழுதிவைப்பார்கள். எல்லை அளக்க அது தேவையில்லை என்று நாங்கள் அந்த வரியைப் படிப்பதையே விட்டிருந்தோம். நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கே கோபுரம் பளிச்சென்று தெரிந்தது.

துரையிடம் போய், கோபுரத்துக்கு ஒரு பார்வை எடுக்க வேண்டும் என்றேன். எதற்கு என்றார். எடுத்த பிறகு சொல்கிறேன் என்றேன். அப்படி ஒரு பதிலை அவரிடம் யாரும் சொன்னதில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவரே தெற்குக் கல்லுக்கு நடந்து வந்து, கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, பெட்டியைத் திறந்தார். முள் ஆடி அடங்கியது. கிட்டத்தட்ட நூறு.

ஏட்டில் தொண்ணூற்றேழு, கண்ணெதிரே நூறு. துரை உடனே இரும்பைத் தேடினார். காத்தவராயன் மடியிலிருந்து ஒரு பாக்குவெட்டி வந்தது. துரைக்குச் சந்தோஷம். தனகோடியின் குடையை வாங்கித் தூரத்து மாமரத்தில் மாட்டச் சொன்னார், அதில் கம்பி இருக்கிறது. கடப்பாரை, சங்கிலி எல்லாம் வரப்பைத் தாண்டிப் போயின. ஆங்கோர். மறுபடி நூறு. ஆங்கோர். நூறு.

நான் விடவில்லை. கோபுரத்துக்கும் கல்லுக்கும் நேர்கோட்டிலேயே ஐம்பது தப்படி பின்னால் போய் எடுக்கலாம் என்றேன். கல்லுக்கு அடியில் இரும்பு ஏதாவது புதைந்திருந்தால் அங்கே எண் மாறிவிடும். போய் எடுத்தோம். அங்கேயும் அதே நூறு. இரும்பாக இருந்தால் இடத்துக்கு இடம் வேறு மாதிரி இழுக்கும். இது எங்கே போனாலும் ஒரே அளவு விலகல்.

"முசே, முற்றத்தில் கழி நட்டு நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான் இது," என்றேன் பிரஞ்சில். "இந்த ஏட்டை எழுதிய காலத்தில் முள் இன்னும் கிழக்கே நின்றிருக்கிறது. இப்போது மேற்கே வந்துவிட்டது. அன்றைய எட்டை இன்றைய முள்ளில் வைத்தால் கோடு மேற்கே சாய்ந்து அந்த அம்மாளின் கிணற்றைத் தாண்டத்தான் செய்யும். கல்லையும் கோபுரத்தையும் யாரும் நகர்த்தவில்லை. முள்தான் நகர்ந்தது."

அவருக்குப் புரிந்தது. என்னைவிட வேகமாகப் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. என்னை ஒரு பனைமரத்துப் பக்கம் அழைத்துப் போய், மெதுவாக ஒன்றுதான் கேட்டார். இது தப்பு என்றால், இதுவரை நாம் இந்த மாதிரி நட்ட கற்கள்?

"அவையும் தப்பு. அதில் மூன்று நான் நட்டது," என்றேன்.

அவர், ஏடு சொன்ன இடத்தில் கல்லை நடு, கோபுரத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றார். அலுவலகத்தின் பேர் கெட்டுவிடும், நூறு பேர் மனுவோடு வந்து நிற்பார்கள் என்றார். அவர் சொன்னது உண்மைதான், வருவார்கள். வரட்டுமே என்றேன் நான். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. வேலை போய்விடும் என்று தெரிந்துதான் பேசினேன். கல்லை நான் நடமாட்டேன், நீங்கள் நடுங்கள், ஆனால் இந்தப் பக்கத்தில் கோபுரம் இன்றைக்கு நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடுங்கள் என்றேன். நீங்களே மூன்று முறை படித்த எண்தானே என்றேன்.

அங்கேதான் அந்த மனிதர் மாட்டிக்கொண்டார். படித்த எண்ணை எழுதாமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். தனகோடி இரண்டு தடவை வந்து என்ன தாமதம் என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் எண்ணை எழுதினார். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே "ஆங்கோர்" என்றார்.

வித்தியாசத்தைக் கூட்டி, எட்டுக்குப் பதிலாகப் பதினொன்றுக்குச் சற்றுக் குறைய வைத்தோம். சங்கிலி மறுபடி வடக்கே போனது. முளை பச்சையம்மாள் காட்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. காத்தவராயன் தோண்டினார். முழங்கால் ஆழத்தில் வண்டல் முடிந்து பழைய மண் வந்தது, அதில் கடப்பாரை எதையோ நொறுக்கியது. குனிந்து அள்ளி உள்ளங்கையில் காட்டினார். கரி. கூடவே ஓட்டுச்சில்லு.

பச்சையம்மாள் கிணற்று மேட்டிலிருந்து அப்போதுதான் எழுந்தாள். கரியைப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனே சாமி," என்றாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் கிணறு அவளிடம் இருந்தது. நாங்கள்தான் ஒரு பகல் முழுக்க அதை அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தோம்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தனகோடி அந்த மாதமே அப்பாவிடமிருந்து நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்பா நாலு மாதம் என்னோடு பேசவில்லை. அது என்னை வாட்டியது, இப்போது நினைத்தாலும் வாட்டுகிறது. ஆனால் செய்ததற்கு வருத்தப்பட்டேனா என்றால், இல்லை. துரை என்னை வெளிவேலையிலிருந்து எடுத்து, படம் பிரதி எடுக்கிற மேசையில் இரண்டு வருடம் உட்காரவைத்தார். பழைய கற்களைப் பற்றிக் கேட்டால், யாராவது மனு கொடுத்தால் பார்க்கலாம் என்பார். நிலம் போனதே தெரியாதவன் எப்படி மனு கொடுப்பான்?

அதனால் நானே ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். என் மூன்று கற்களையும் தேடிப் போய், உங்கள் எல்லையில் நான் தப்புச் செய்துவிட்டேன், மனு கொடுங்கள் என்று வீட்டு வாசலில் நின்று சொன்னேன். மதகடிப்பட்டுப் பக்கத்தில் ஒன்று, பாகூர் ஏரிக்கு அருகே ஒன்று, இரண்டும் திருத்தியாயிற்று. துரையே வந்து திருத்தினார், அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பூரணாங்குப்பத்தில். அங்கே நிலத்தை இழந்தவர் இருசப்பன், கொஞ்சம் பயிர், கொஞ்சம் மீன்பாடு என்று இருந்தவர். ஐந்து தென்னைமரம் என் கல்லால் பக்கத்து நிலத்துக்காரருக்குப் போய்விட்டது. நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"வுடு சாமி. நீயே நட்டுட்டு நீயே தப்புன்றியே, ஊர்ல எவன் நம்புவான்? ஆபீசோட மல்லுக்கட்ட எங்களால ஆவாது."

நான் எத்தனையோ தடவை போய்க் கேட்டும் அவர் மனு கொடுக்கவில்லை. ஒருநாள் நானே கடப்பாரை எடுத்துப் போய், கல் இருக்க வேண்டிய இடத்தில் தோண்டினேன். கரியைக் கண்ணால் பார்த்தேன். அதற்குள் பக்கத்து நிலத்து ஆட்கள் வந்து, என் மண்ணில் உனக்கென்ன வேலை என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். இருசப்பன் இப்போது இல்லை. அவர் பேரப்பிள்ளைகள் அந்த ஒடுங்கிய துண்டில்தான் இன்னும் இருக்கிறார்கள்.

மலர்க் குழுவினரே, நீங்கள் சோதிக்காமல் புதுப் படத்தில் ஏற்றப்போகிற கற்களில் அதுவும் ஒன்று. பூரணாங்குப்பத்தில் வண்டிப்பாதை கடலைப் பார்க்கத் திரும்புகிற இடத்தில் ஒரு பழைய கல் இருக்கிறது, அது சரியான கல். அங்கிருந்து வடக்கே போகிற எல்லையின் மறுமுனைக் கல் தப்பு. அதற்குக் கிழக்கே பத்துத் தப்படி, முழங்கால் ஆழத்தில் கரி கிடக்கிறது. என் அறிமுகக் குறிப்பில் காந்த முள்ளைப் பற்றி ஒன்றும் வேண்டாம். பூரணாங்குப்பத்தில் ஒரு கல்லைத் தப்பாக நட்டவர், இன்னும் திருத்தப்படவில்லை என்று போடுங்கள். போட முடியாது என்றால் கட்டுரையையும் போடாதீர்கள். ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாருங்கள். எனக்கு இன்னும் நடக்க முடிகிறது, இடத்தை நான் காட்டுகிறேன்.